புதுப்பிப்பு: மகளின் பிசிஓஎஸ் ஸ்கேன்

சினைப்பை ஸ்கேனை மட்டும் பார்த்து என் மகளுக்குப் பிசிஓஎஸ் (ஹார்மோன் மாறுபாட்டோடு வரும் சினைப்பைக் கோளாறு) என்று சொல்லிவிட்டார்கள், அவள் யாரிடமும் பேசுவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023 சர்வதேச வழிகாட்டுதல். இந்த வயதில் பிசிஓஎஸ் என்று சொல்ல ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி இரண்டும் இருக்க வேண்டும். இவளுக்கு முதலாவது மட்டும்தான். அதனால் 'வர வாய்ப்புண்டு' என்று குறித்துவைத்து, பிறகு மறுபடி பார்ப்பார்களாம்.

அப்புறம் அவளே கேட்டாள்: "எனக்குக் குழந்தையே பிறக்காதா டாக்டர்?" இத்தனை நாளும் இதைத்தான் சுமந்திருக்கிறாள். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள் என்று அவளிடமே பொறுமையாக விளக்கினார். 15 வயதுப் பிள்ளையை "எடையைக் குறை" என்ற ஒற்றை வரியோடு முன்பு அனுப்பினார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.