அயலூறு: நகைச்சுவைத் தொடர்களில் பிறருக்கு நேரும் கேட்டைக் குறிக்க ஒரு சொல்

அன்புடையீர்,

நகைச்சுவைத் தொடர்களின் முதன்மை மாந்தர் தன்னலத்தால் செய்யும் பிழைகள், அவர்களோடு பெரிதாகத் தொடர்பில்லாத ஒருவரின் வாழ்வைக் குலைப்பதைக் குறிக்க 'பக்கவிளைவு', 'பக்கச்சேதம்' என்னும் இரு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. பக்கவிளைவு மருந்தைச் சார்ந்த சொல். பெரிய நன்மை ஒன்றுக்காகப் பொறுத்துக்கொள்ளத் தக்க சிறு தொல்லை என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. பக்கச்சேதமோ போர்க்களத்துச் சொல். அங்கே தாக்கப்படும் இலக்கு ஒன்று இருக்கும். இத்தொடர்களில் இலக்கே கிடையாது.

நான்கு நண்பர்களை முதன்மை மாந்தராகக் கொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'சைன்ஃபெல்ட்' (1989–1998) இதற்குத் தெளிவான சான்று. நியூயார்க்கில் உணவகம் நடத்தும் பாபு பட் என்னும் பாகிஸ்தானியரிடம், பாகிஸ்தானிய உணவை மட்டும் விற்கும்படி அந்நால்வருள் ஒருவரான ஜெர்ரி அறிவுரை கூறுகிறார். தாம் நல்லவர் என்று தமக்கே தோன்ற வேண்டும் என்பதுதான் அந்த அறிவுரையின் வேர். கடை மூடப்படுகிறது. பின்னொரு நாள் பாபுவின் விசா புதுப்பிப்புத் தாள்கள் ஜெர்ரியின் அஞ்சலோடு கலந்துவிட, உரிய நேரத்தில் அவை பாபுவின் கைக்குச் சேராமல் அவர் நாடு கடத்தப்படுகிறார். யாரும் அவரைக் கெடுக்க எண்ணவில்லை. அவரைப் பற்றி எண்ணாததே கேடாயிற்று.

இத்தகையோரை 'வேடிக்கை பார்ப்போர்' என்பதும் பொருந்தாது. 1998இல் வெளிவந்த இறுதிப் பகுதியில், ஒருவர் வழிப்பறிக்கு உள்ளாவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றதற்காகக் கைதாகிறவர்கள் அந்த நான்கு நண்பர்களே. பாதிக்கப்பட்ட பாபு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறார். வேடிக்கை பார்த்தவர் யார், இழந்தவர் யார் என்பதை நம் சொல் குழப்பிவிடக் கூடாது.

ஆகவே 'அயலூறு' என்பதை முன்மொழிகிறேன். அயலார்க்கு நேரும் ஊறு என நான்காம் வேற்றுமைத் தொகையாக இதை விரிக்க வேண்டும். இடையூறு என்னும் சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், இதன் ஓசையும் புணர்ச்சியும் படிப்பவருக்குப் புதியனவாக இரா. அயலிலிருந்து வரும் ஊறு என ஐந்தாம் வேற்றுமையாகவும் கொள்ள இடமுண்டு என்பது உண்மையான குறையே. எனினும் 'பாபுவுக்கு நேர்ந்த அயலூறு' என்று பாதிக்கப்பட்டவரைச் சுட்டி எழுதினால் மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

சொல்லின் எல்லையையும் இப்போதே வரையறுத்தல் நன்று. அந்நால்வருள் மற்றொருவனான ஜார்ஜ் தேர்ந்தெடுத்த மலிவான திருமண அழைப்பிதழ் உறைகளின் பசையை நக்கி ஒட்டியதால் சூசன் இறக்கிறாள். அதே தன்னலம்தான், அதைவிடக் கொடிய முடிவும்கூட. ஆயினும் அவள் அவனை மணக்கவிருந்தவள், கதையின் நடுவே நின்றவள். அதை அயலூறு எனக் கொண்டால், தொடர்பே இல்லாத ஒருவர் விலை கொடுக்கும் அநீதியைத் தனித்துச் சுட்டச் சொல் இல்லாமல் போகும்.

பாதிக்கப்பட்டவரைக் குறிக்க 'ஏதிலி' என ஆக்கலாமா என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும். அச்சொல் இன்று அகதி என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. 'ஊறுற்ற அயலார்' என்று விரித்து எழுதுவதே போதுமென்று கருதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுத வேண்டுகிறேன்.