மறு: ப்ராவனன்ஸ் – ‘கைவழி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழந்துப்பாக்கி சேகரிப்போருக்குத் தமிழில் கையேடு எழுதும் நண்பர் நான்கு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார்: கண்டிஷன், ரேரிட்டி, ஒரிஜினாலிட்டி, ப்ராவனன்ஸ் (ஒரு பொருள் யார் யார் கையைக் கடந்து இன்றைய இடத்துக்கு வந்தது என்ற விவரம்). ஒரு துப்பாக்கியை மதிப்பிடும்போது இந்த நான்கில் எது முதலில் வரவேண்டும் என்றும் கேட்டிருந்தார். முதல் மூன்று சொற்களுக்கு மெனக்கெட வேண்டியதில்லை. கண்டிஷனுக்கு ‘நிலை’ போதும். ரேரிட்டிக்கு ‘அருமை’ என்று எழுதினால் இன்றைக்குக் கைதட்டல் என்றுதான் படிப்பார்கள், அதனால் ‘கிடைப்பருமை’. ஒரிஜினாலிட்டிக்கு மெக்கானிக்கும் நகைக்கடைக்காரரும் நாள் முழுக்கச் சொல்லும் ‘அசல்’ இருக்கிறது. ‘அசல்நிலை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

நாலாவதில்தான் மடல்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘மூலம்’ என்றே வைக்கலாமே, எளிமையாக இருக்கும்.

ஐயா, ‘மூலம், பௌத்திரம்’ என்று சுவர் விளம்பரத்தில் படித்துப் பழகிய கண்கள் நம்முடையவை. அதை விடுங்கள், பொருளே வேறு. திப்பு சுல்தானின் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறையில் செய்தது என்பதை அதன் விசைத்தகட்டில் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு) உள்ள முத்திரையும் புலிவரி வேலைப்பாடுமே சொல்லிவிடும். அது மூலம். 1799 மே 4 அன்று கோட்டை விழுந்தபின் யார் எடுத்தார், யாருக்குப் போனது, எப்படி இங்கிலாந்துக்கு வந்தது? இந்தக் கேள்விக்கு ‘மூலம்’ பதில் சொல்லாது. 2019இல் பெர்க்‌ஷயரில் ஏலம் போன திப்புவின் வெள்ளிப்பூண் துப்பாக்கி 60,000 பவுண்டுக்குப் போயிற்று. அது கிழக்கிந்தியக் கம்பெனியில் மேஜராக இருந்த தாமஸ் ஹார்ட்டின் வழித்தோன்றல்கள் வீட்டிலேயே இருந்தது என்பது விலையில் பெரும் பங்கு. நமக்குச் சொல் வேண்டியது இந்த இடைப்பட்ட 220 ஆண்டுக்குத்தான்.

> உரிமை வரலாறு?

ஓவியத்துக்குச் சரி. துப்பாக்கி என்றதும் ‘உரிமை’யை ‘உரிம’மாகப் படித்துவிடுவார்கள். நம்மூர்ச் சட்டப்படி, பழுது பார்த்தாலும் சுடவே சுடாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் விலக்கு; மற்றதற்கெல்லாம் உரிமம் வேண்டும். ஆகவே குழப்பம் நிச்சயம்.

> கைமாற்று வரலாறு?

மாதக் கடைசியில் நான் பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாத்துகளின் வரலாறா அம்மா அது? மன்னிக்கவும், சும்மா சொன்னேன். கை மாறுவது என்ற கருத்து சரியானது. அதைத்தான் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

> எங்கள் பாட்டி ‘பூர்வோத்தரம்’ என்பார். பூர்வமும் உண்டு, உத்தரமும் உண்டு. பழகிய சொல்தானே?

இதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. முன்னதும் பின்னதும் சேர்ந்த அழகான சொல். ஆனால் ‘அவன் பூர்வோத்தரம் எனக்குத் தெரியாதா’ என்று சொல்லும்போது அதில் ஒரு நக்கல் இருக்கிறது. மாப்பிள்ளை விசாரணைக்குப் பொருத்தம். ஏலப் பட்டியலில் ‘இதன் பூர்வோத்தரம்’ என்று அச்சிட்டால் விற்பவருக்கே கோபம் வரும்.

இந்த வேலையை நாம் வேறோர் இடத்தில் அன்றாடம் செய்கிறோம். மனை வாங்கப் போனால் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், அதோடு நிற்பதில்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று விற்கிறவர் வரைக்கும் நடுவில் ஒரு பத்திரம்கூட விடுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம், வில்லங்கம் போட்டும் பார்க்கிறோம். துப்பாக்கிக்கும் அதே பார்வைதான். தாய்ப்பத்திரத்துக்கு நிகரானது தொழிற்சாலைப் பேரேடு. அமெரிக்காவின் வின்செஸ்டர் துப்பாக்கி ஆலையின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்தில் ‘கோடி’ என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்குப் பதிவு இருக்கும் பட்சத்தில், என்ன ரகம், எந்த நாளில் அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கையும் ஒரு கிரயப் பத்திரம்.

கால்வழி என்றால் வம்சம். கொடிவழி என்றாலும் அதுவே. அந்த வரிசையில் ‘கைவழி’. கைக்குக் கை வந்த வழி. என் பரிந்துரை இதுதான். ‘கைவழி தெளிவானது’, ‘கைவழி அறுந்தது’, ‘1920 வரைதான் கைவழி’ – வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், முறுக்காமல் உட்காருகிறது. மண்ணியலில் மணல் எங்கிருந்து அடித்து வந்தது என்பதற்கும் ப்ராவனன்ஸ் என்கிறார்கள். அவர்கள் மூலத்தையே வைத்துக்கொள்ளட்டும்.

எது முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். விலையை மட்டும் பார்த்தால் கைவழிதான் ராஜா. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் ஷெரிஃப் பேட் காரெட், பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்ட, கோல்ட் நிறுவனத்தின் ரிவால்வர் 2021 ஆகஸ்டில் போனாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த ரகத்தில் 1940க்குள் மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். கிடைப்பருமை என்று ஒன்றும் இல்லை. இதன் கைவழியில் வருகிற ஒரு ‘பத்திரம்’ எனக்கு மிகவும் பிடித்தது: காரெட் இதை எல் பாசோவில் ஒரு மதுக்கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தார். 1908இல் காரெட் செத்தார்; கடைக்காரரும் போன பிறகு காரெட்டின் விதவை வழக்குப் போட்டு, துப்பாக்கியைத் திரும்ப வாங்கினார். வில்லங்கம் வந்ததாலேயே கைவழி உறுதியானது. நிலத்தில் இப்படி நடந்தால் விலை குறைந்திருக்கும்!

ஆனால் கதை வேறு, கைவழி வேறு. கையேட்டில் இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் ஒரு பேச்சு உண்டு: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில், பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குக் கையாலேயே நகல் செய்வார்கள். கிரீடமும் விக்டோரியா ராணியின் பெயரெழுத்துகளும் வைத்து, கீழே 1901க்குப் பிந்தைய ஆண்டைக் கொத்தியிருக்கும். ராணி 1901 ஜனவரியிலேயே போய்விட்டார். சிலவற்றில் ஆங்கில ‘என்’ எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருக்கும். ஆப்கானிஸ்தான் போன சிப்பாய்கள் ‘போரில் பிடிபட்டது’ என்ற கதையோடு வாங்கிவந்தவை நிறைய.

எங்கள் வீட்டிலேயே ஒன்று உண்டு. பெரியப்பாவின் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, உரிமத்தோடு இப்போது அண்ணன் பெயரில் இருக்கிறது. ‘கட்டபொம்மன் காலத்தது’ என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799. இதன் குதிரையில், அதாவது விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் உறுப்பில், சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் வாய் இல்லை. கேப்பு (அடித்தால் வெடிக்கும் சிறு மருந்து மூடி) மாட்டும் காம்பின்மேல் வந்து அடிக்கும் சுத்தியல் தலைதான் இருக்கிறது. கேப்பு முறை பரவியது 1820களுக்குப் பிறகு. ஆக, கதை அங்கேயே முடிந்தது. கைவழி என்று பார்த்தால் 1950களின் உரிமப் புத்தகம் ஒன்று, அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகள் ஒரு கட்டு. சிரிக்காதீர்கள், அந்த ரசீதுகள் உண்மையான கைவழி. தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

அதற்கு முன்னால் போக ஒரே வழி விசைத்தகடுதான். கம்பெனித் துப்பாக்கி என்றால் முன்காலத்தில் இதய வடிவக் குறி, ஏறக்குறைய 1808க்குப் பிறகு பின்கால் ஊன்றிய சிங்கம். பிரிட்டிஷ் ராணுவத்தது என்றால் கிரீடமும் ‘டவர்’ என்ற சொல்லும். எங்களுடையதில் என்ன இருந்தது? ஓர் ஆயுத பூஜைக்குச் சித்தப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி, கட்டைக்கு வார்னிஷும் அடித்து, பளபளவென்று சாமிக்கு முன்னால் வைத்தார். ஒரு வளைகோடு மிஞ்சியிருக்கிறது. கிரீடத்தின் விளிம்பாகவும் இருக்கலாம், சிங்கத்தின் வாலாகவும் இருக்கலாம்.

அதனால் என் வரிசையில் அசல்நிலைதான் முதலில். கைவழியில் காகிதம் எவ்வளவு இருந்தாலும் அது வந்து கொக்கி மாட்டுகிற இடம் அந்த எண்ணும் முத்திரையும்தான். துருவை எண்ணெய்த் துணியால் துடைக்கலாம். நீலச்சாயம் புதிதாக ஏற்றுவதும் உப்புத்தாளும் கூடவே கூடாது. கிடைப்பருமை கடைசி. ஒன்றே ஒன்று இருப்பதாலேயே யாரும் விரும்பிவிடுவதில்லை.

*

(மறுநாள்)

இரண்டு எதிர்ப்புகள் வந்திருக்கின்றன. இரண்டும் நல்லவை.

> சங்கப் பாட்டில் கைவழி என்றால் யாழ். பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது முறையா?

உண்மைதான் ஐயா, அகராதியிலும் பார்த்தேன். ஆனால் இன்று யாரும் யாழைக் கைவழி என்று கேட்டு வாங்குவதில்லை. ‘பேருந்து நிலையம்’ என்ற சொல்லில் ‘உந்து’ எத்தனை பொருளைக் கடந்து வந்தது! யாழும் துப்பாக்கியும் ஒரே பட்டியலில் மோதிக்கொள்ளும் ஏலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

> சிக்கிமுக்கித் துப்பாக்கியைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியிருக்கலாமே அண்ணா. கேப்பு இருப்பதை வைத்துக் கட்டபொம்மன் காலத்தை எப்படி மறுப்பீர்கள்?

இதை நான் எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது. ஆயிரக்கணக்கில் அப்படி மாற்றினார்கள், குழலும் தகடும் பழையவை, குதிரையும் காம்பும் மட்டும் புதியவை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கல் அடித்துத் தீப்பொறி விழும் கிண்ணத்தையும் அதன் வில்லையும் கழற்றியபின் திருகாணித் துளைகளை அடைத்திருப்பார்கள். அடைப்பின் வட்டம், தகட்டின் வெளிப்பக்கம் சற்று நிறம் மாறித் தெரியும்.

உங்கள் மடல் படித்ததும் நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடியில் வெயிலில் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். ஒரு வட்டம் இருப்பது மாதிரி இருந்தது. அண்ணன் இருக்கிறது என்றார், எனக்கு அது உப்புத்தாள் சுழன்ற கோடாகத் தெரிந்தது. தகட்டைக் கழற்றி உட்புறம் பார்த்தால் தெரிந்துவிடும். சித்தப்பாவின் உப்புத்தாள் அங்கே போயிருக்காது. ஆனால் திருகாணித் தலைகள் தேய்ந்து போயிருக்கின்றன. பொருந்தாத திருப்புளியை வைத்துத் திருகி இன்னொரு தடத்தையும் அழித்துவிடுவேனோ என்று அப்படியே துணியில் சுற்றி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். திருப்புளியைச் சரியான அளவுக்கு அரம் போட்டுத் தருகிற பட்டறைக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

கைவழிக்கு இதுவரை ஆதரவு ஏழு, எதிர்ப்பு இரண்டு. ஞாயிறு வரை பார்ப்போம். பழைய இரும்பின் மேல் காலம் ஏற்றும் அந்தப் பழுப்புக்கு, அதாவது பேட்டினாவுக்கு, ‘களிம்பு’ வேண்டாம், அது செம்புக்கு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.