பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டு

நான் வளர்ந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே கம்பளி வாங்கக் காசு தேடுவோம், நுளம்பு வலையை யாரும் நினைத்ததில்லை. 2016இல் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டுக்கு வந்தபோதும், டெங்கு என்றால் கொழும்பு வியாதி என்றே இருந்தேன். கண்டி சுமார் 500 மீட்டர் உயரம்தான். நுளம்புக்கு அந்தச் சூடு தாராளம்.

அடுத்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. அப்போது அவளுக்கு எட்டு வயது.

முதல் நாளே கண்ணுக்குப் பின்னால் வலிக்குது என்றாள். மருந்துக்கடையில் ஐபுபுரூபன் கொடுத்துவிட்டார்கள். டெங்குவில் அது இரத்தக்கசிவைக் கூட்டும் என்று எனக்குத் தெரியாது. மாமிதான் "பெனடோல் மட்டும் குடுங்க" என்று தடுத்தார், பரசிட்டமோலைத்தான் சொன்னார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று கஞ்சி வைத்தேன். அன்று பின்னேரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள், கை கால் சில்லிட்டுப் போனது.

காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் என்று வார்ட்டில் டாக்டர் விளக்கினார். குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று இரண்டு நாள் மணிக்கு மணி அளந்து எழுதினோம். ஒவ்வொரு முறையும் பேனை பிடித்த கை நடுங்கியது. பிள்ளை தப்பினாள்.

வீட்டுக்கு வந்த பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முற்றத்தில் ஒரு சிரட்டைகூடக் கிடக்கவில்லை என்று பாராட்டினார். அப்புறம் பிரிட்ஜை நகர்த்தச் சொல்லி, பின்னால் நீர் வடியும் தட்டில் டோர்ச் அடித்தார். நெளிநெளியாக நுளம்புக் குடம்பிகள். தண்ணீரை ஊற்றிவிட்டால் சரிதானே என்றேன். போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்றார். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதுமாம். புகை அடித்தால் பறக்கிறதுதான் சாகும், தட்டில் இருப்பது அப்படியே இருக்கும்.

எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. தண்ணீர் பிடித்து வைக்கும் பெரலை எடுத்துவிடு என்று சொல்வது சுலபம், சமைக்கிறவளுக்கு முடியாது. பழைய சீத்தைத் துணியை இரண்டாக மடித்து, வாயை இறுக்கிக் கட்டி வைக்கிறேன். ஞாயிறு காலை பெரலையும் தட்டையும் நான் தேய்க்க, மகள் டோர்ச் பிடிப்பாள்.