புதுப்பிப்பு: இரத்த அழுத்தமும் கணுக்கால் வீக்கமும்

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை தொடங்கியபின் கணுக்கால்கள் வீங்கியதைக் கண்டு, சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சி, நாளுக்குப் பத்து முறை இரத்த அழுத்தம் பார்ப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்), சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்), இ.சி.ஜி., விழித்திரை ஆகிய நான்கு பரிசோதனைகளும் இயல்பாகவே வந்துள்ளன. அம்மருந்து நுண்தமனிகளை விரிப்பதால் திசுக்களில் நீர் கசிந்து வரும் வீக்கமே இது என்று விளக்கிய மருத்துவர், அதன் அளவைக் குறைத்து, டெல்மிசார்டான் என்னும் மற்றோர் இரத்த அழுத்த மருந்தைச் சேர்த்தார். வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது.

பதற்றத்தோடு திரும்பத் திரும்ப அளப்பதே அழுத்தத்தை ஏற்றிக் காட்டும் என்பதால், இப்போது 5 நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை மட்டும் அளக்கிறேன். ஏழு நாள் சராசரி 132/84. வீட்டு அளவீட்டின் வரம்பான 135/85-க்குக் கீழே அது நிற்பது பெரிய ஆறுதல். ஆயினும், தந்தைக்குப் பக்கவாதம் வந்த வயதை நெருங்குவதால், எனக்கும் அது வருமோ என்ற அச்சம் முழுவதும் விலகவில்லை. அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.