மனிதவளத் துறையிலிருந்து ஆலைத் தலைமைக்கு வர என்ன வழி?

வணக்கம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவள அதிகாரியாக இருக்கிறேன். ஆலைத் தலைவராக உயர வேண்டும் என்பது என் ஆசை. "உற்பத்தியிலோ நிதியிலோ இருந்தவர்களுக்குத்தான் அந்த நாற்காலி" என்கிறார் மேலாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன மாதம் கேன்டீன் சோறு சரியில்லை என்று இரண்டாம் ஷிப்ட் தொழிலாளர்கள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே சோற்றைச் சாப்பிட்டபடி நான் பேசிய பிறகுதான் இயந்திரங்கள் ஓடின. இது தலைமை இல்லையென்றால் வேறு எது?

யூனிலீவரின் மனிதவளத் தலைவராக இருந்த கோலாப்பூரில் பிறந்த லீனா நாயர், 2022இல் ஷனேல் என்ற ஆடம்பர ஃபேஷன் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைக்கு வந்த மேரி பாராவும் அங்கே மனிதவளத் துறையை நடத்தியவர்தான். ஆனால் அவர் பொறியாளர். கார் ஆலை ஒன்றையும் நிர்வகித்தவர். அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

இந்தப் பாதையில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சில ஆண்டுகள் உற்பத்திப் பிரிவுக்கு மாறியே ஆக வேண்டுமா? லாப நட்டக் கணக்கைப் படிக்க எங்கே கற்றீர்கள்? வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கக்கூடிய படிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த வாரம் இடமாற்ற விருப்பத்தை எழுதித் தர வேண்டும்.