ஜெபிக்க முடியாத வேளையில் கிடைத்த ஆறுதல்: உங்கள் அனுபவங்கள்

சிறுவிசுவாசி:
அறுவை சிகிச்சை அரங்கிற்கு வெளியே காத்திருக்கும் இரவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பாவை உள்ளே கொண்டுபோய் நெடுநேரமாகியிருந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. பக்கத்தில் தம் கணவருக்காகக் காத்திருந்த முதிய பெண்மணி வேதாகமத்தை எடுத்து, "வாசிக்கட்டுமா, தம்பி?" என்று கேட்டார். ஆறுதலுக்காகப் பலரும் வாசிக்கும் 23ஆம் சங்கீதமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவர் வாசித்ததோ 88. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கையை நோக்கித் திரும்பிவிடும். இதுவோ 18 வசனங்களிலும் திரும்புவதேயில்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அவரும் விளக்கம் எதுவும் சொல்லாமல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நொடியில்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அப்பாவைப் பற்றிய நல்ல செய்தி பிறகே வந்தது என்பதால், அதை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. நம்பிக்கையான சொல் அரிதாகவே உள்ள ஒரு பகுதி என்னை எப்படித் தேற்றியது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம்வரிசை:
அந்த அம்மாவின் கணவர் என்ன ஆனார் என்று நீங்கள் எழுதவில்லையே. என் அனுபவம் சிறியது. எங்கள் குழந்தை பிறக்கும் முன்பே இறந்த வாரத்தில், வந்தவர்கள் எல்லோரும் "தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சபையில் நான் அதிகம் பேசியிராத ஓர் அக்கா மட்டும், தரையில் என் அருகே அமர்ந்து, என்னைவிட அதிகமாக அழுதார். இறந்த லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் 11இல் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அந்த வசனத்தை நம்பினேன்.

சிறுவிசுவாசி:
தெரியாது. விடியும் முன்பே அந்த அம்மாவை வேறு தளத்திற்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வேதமாணவன்:
முதல் பதிவை மறுக்க வேண்டியிருக்கிறது. 88ஆம் சங்கீதம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. ஆகவே அது நம்பிக்கையற்ற பகுதி அன்று. என் வேலை போனபோது ஒரு மூப்பர் தொலைபேசியில் எனக்காக ஜெபித்தார், நானும் தேறினேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் உணர்வை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று சொல்ல விரும்புகிறேன். பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தைத் தினமும் வாசியுங்கள். கவலையை விண்ணப்பமாக மாற்றும்படி பவுல் அங்கே சொல்வது சிறையிலிருந்து எழுதிய நிருபத்தில் என்பதை மறவாதீர்கள். வாய்விட்டு ஜெபியுங்கள், ஜெபங்களைக் குறித்து வையுங்கள், தனியே இருப்பதைத் தவிர்த்து ஜெபக்குழு ஒன்றில் சேருங்கள். அதிகாலையில் எழுவதும் பெரிதும் உதவும். விசுவாசம் உறுதியானால் பயம் தானாகவே விலகும்.

இரவுவிழிப்பு:
வேதமாணவன் அண்ணே, எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகே தவறினார்கள். "பயம் தானாகவே விலகும்" என்ற சொல்லை நம்பித்தான், இரவில் நெஞ்சு படபடத்து எழுந்த ஒவ்வொரு முறையும் என் விசுவாசத்தில் குறை இருப்பதாக எண்ணி இன்னும் அதிகமாகப் பயந்தேன். இதைக் கேட்ட எங்கள் போதகர் 1 இராஜாக்கள் 19ஐத் திறந்தார். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை; சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, எலியா மறுபடி தூங்கியபின், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். "முதலில் நீ தூங்க வேண்டும்; மருத்துவரைப் பார்" என்றார் போதகர். மருந்தும் எடுத்தேன், சமாதானத்தோடு படுத்துத் தூங்குவேன் என்கிற 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைப் படுக்கும் முன் சொல்லவும் செய்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால், பயந்துகொண்டே ஜெபிக்கலாம் என்று ஒருவர் எனக்கு அனுமதி கொடுத்த அந்த மாலையை என்னால் மறக்க முடியவில்லை.

வேதமாணவன்:
மருத்துவரிடம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தம் மாம்சத்தில் இருந்த முள் என்று பவுல் சொன்ன வேதனையும் நீங்கவில்லை, மூன்று முறை வேண்டியும் "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிஇருக்கை:
உங்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு நொடி வாய்த்திருக்கிறது. எனக்கு வரவில்லை. மனைவி இறந்த பிறகும் ஆராதனைக்குப் போகிறேன், திருவிருந்து எடுக்கிறேன். உள்ளே எதுவும் அசைவதில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, அவர் பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே ஊழியம் செய்தார் என்று அறிந்து பலர் அதிர்ந்தார்கள். எனக்கோ அது துணையாக இருந்தது. தயவுசெய்து யாரும் எனக்கு வசனம் அனுப்ப வேண்டாம். உணர்வே இல்லாமல் தொடர்ந்து போகிறவர்கள் இங்கு வேறு யாராவது இருந்தால், எழுதுங்கள்.