ஸ்டீல் ஃபிரிட்ஜ், ஓவன் துடைக்க வினிகரா, சோப்புத் தண்ணீரா?

வினிகர்வாசி:
ஃபிரிட்ஜ், ஓவன், டிஷ்வாஷர் எதுவானாலும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியில் தெளித்துத் துடைத்துவிட்டு, ஆலிவ் எண்ணெய் இரண்டு சொட்டு தடவினால் கண்ணாடி மாதிரி மின்னும். அடம்பிடிக்கும் கறைக்கு எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்க்கலாம். கடையில் விற்கும் ஸ்பிரே தண்டச் செலவு.

துருப்பகை:
ஸ்பிரே தண்டம் என்பது சரி. மற்றது எல்லாவற்றிலும் வழக்கு இருக்கிறது. கதவில் படிவது கைரேகை, அதாவது எண்ணெய்ப் பிசுக்கு. வினிகர் அதைச் சரியாக எடுக்காது, இழுவி விடும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கால் டீஸ்பூன் போதும். அதிகம் ஊற்றினால் சோப்பே திட்டுத்திட்டாகக் காயும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. தானாகக் காயவிட்டால் செய்த வேலை வீண்.

எலுமிச்சையும் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஸ்டீலைக் காப்பது அதன்மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம். உப்பில் இருக்கும் குளோரைடு அதை ஓட்டை போடும், அமிலம் கூட இருந்தால் வேகம் கூடும். ஊசி குத்தியது போல் பழுப்புப் புள்ளிகள் வருவது இதனால்தான். எவர்சில்வர் என்று பேர் வைத்தவர் ஆசையில் வைத்துவிட்டார்! காந்தம் நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் 430 போன்ற நிக்கல் இல்லாத ரகம். நிக்கல் கலந்த 304 ரகத்தைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வினிகர்வாசி:
உப்பு விஷயத்தில் தோற்றேன், விட்டுவிடுகிறேன். ஆனால் தண்ணீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைப் புள்ளிக்கு உங்கள் சோப்பு என்ன செய்யும்? அது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால்தான் கரையும். வினிகரில் நனைத்த துணியை 2 நிமிடம் ஒட்டி வைத்து, தண்ணீரில் துடைத்து, உலர்த்தினால் போயே போச்சு.

துருப்பகை:
அதற்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் சோப்பால் பிசுக்கை எடுத்துவிட்டு வினிகர் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த வெள்ளைப் படிவை அது தொடவே தொடாது. கதவின் ரப்பர் பட்டையில் வழிய விடாதீர்கள். பட்டன் இருக்கும் இடத்தில் நேராகத் தெளிக்கவும் கூடாது.

குறுக்குச்சால்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஸ்டீல் தகட்டில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். துடைப்பது அந்தப் போக்கில்தான். வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு கோடுகளின் இடுக்கில் தங்கும், கீறலும் பளிச்சென்று தெரியும். காய்ந்து கருகியதற்கு சமையல் சோடா 3 பங்கு, தண்ணீர் 1 பங்கு குழைத்துப் பூசி 15 நிமிடம் விட்டு, கோட்டுப் போக்கில் மெதுவாகத் தேய்க்கவும். அதில் வினிகரை ஊற்றி நுரை பார்ப்பவர்களுக்கு: நுரை அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும், கறை அப்படியே நிற்கும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள் ஸ்டீலில் ஒட்டித் துருவாகும்; பழி ஸ்டீல்மேல் விழும்.

கறுப்பு ஸ்டீல், கைரேகை படாத பூச்சு உள்ளவற்றுக்கு இந்தச் சோடாவும் வினிகரும் ஆகாது. பூச்சே போய்விடும். சோப்புத் தண்ணீரோடு நிறுத்துங்கள்.

துருப்பகை:
ஆகாதவை பட்டியலில் ப்ளீச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலும் குளோரைடு தொல்லைதான். வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வேறு.

வினிகர்வாசி:
சரி, எண்ணெய்?

துருப்பகை:
சமையல் எண்ணெய் நாளடைவில் பிசின் மாதிரி இறுகி, தூசியைப் பிடித்து வைக்கும். எண்ணெயே தேவையில்லை.

குறுக்குச்சால்:
அங்கேதான் உடன்படமாட்டேன். மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய், அப்படி இறுகாது. உள்ளங்கை அளவு துணியில் இரண்டே சொட்டு, முழுக் கதவுக்கும் தடவி, வேறு துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் அடுத்த கைரேகை லேசில் தெரியாது. சூடாகும் ஓவன் கதவில் மட்டும் தடவாதீர்கள்.

துருப்பகை:
கைரேகையை மறைக்க எண்ணெய் பூசுவதா? அதுவும் பிசுக்குதானே ஐயா!